எழுதி வைத்த வேகம்

பக்கத்து வீட்டு அன்ரி எதையும் மெதுவாகச் செய்து நான் பார்த்ததில்லை, வாகனம் ஓட்டுவதைத் தவிர.

பேசினால் நாலு பேருடைய பேச்சை ஒருவராகப் பேசி முடிப்பார். லண்டன் இல்ஃபோர்டில் அவருக்கு ஒரு சேலைக் கடை இருந்தது. ஒரு பெண் உள்ளே நுழைந்து கதவு தானாகச் சாத்திக்கொள்வதற்குள் அவளுக்கு எந்த நிறம் எடுக்கும், எது எடுக்காது, கலியாணம் எப்போது, மாப்பிள்ளை எந்த ஊர் என்பதெல்லாம் தெரிந்தாகிவிடும். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டித்தான் ஏறுவார். "இவ இறைச்சிக் கறி வச்சா, வாசம் வாறதுக்கு முன்னமே கறி வந்திடும்" என்று அவர் கணவர், எங்கள் அங்கிள், சொல்வார். குட்மேய்ஸில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே சுவரைப் பங்குபோட்டவை. அன்ரி சிரித்தால் எங்கள் வீட்டு அலுமாரியில் கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுக்கும்.

ஆனால் தன் நீல நிற வான் வண்டியில் ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டினாரோ இல்லையோ, வேறொரு மனுஷியாகிவிடுவார். முதுகு நேராகிவிடும். இரண்டு கைகளும் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொள்ளும். பேச்சு நின்றுவிடும். வீதியோரம் வேக எல்லைப் பலகை வரும்போது மட்டும் அதிலிருக்கும் இலக்கத்தைச் சத்தமாகச் சொல்வார்.

"இருபது."

பக்கத்து ஆசனத்தில் இருக்கும் அங்கிள், "ஓம்" என்பார்.

"முப்பது."

"ஓம்."

தேவாலயத்தில் மன்றாட்டுக்குச் சனம் பதில் சொல்வதுபோல அது ஊர் முழுக்க நடக்கும். அங்கிள் அரைத்தூக்கத்தில் இருந்தாலும் அந்த 'ஓம்' தவறாது. பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள், வெளிச்சம் அடிப்பார்கள். ஒரு முறை ஒரு பீட்சாக்காரப் பையன் மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் வந்து கண்ணாடியில் தட்டியே விட்டான். அன்ரி அவனைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "அவருக்கு அவசரம். எங்களுக்கு இருபது."

எங்கள் தெருப் பிள்ளைகள் அவருக்கு 'இருபது அன்ரி' என்று பெயர் வைத்தார்கள். கோபப்படுவார் என்று பார்த்தால், கடைக்கு வருகிறவர்களிடம் அதைத் தானே சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார். அறுபதாவது பிறந்தநாளுக்கு வேக எல்லைப் பலகை மாதிரியே பெரிய வெள்ளை வட்டக் கேக், சுற்றிவரச் சிவப்பு வளையம், நடுவில் கறுப்பில் அறுபது என்று செய்து கொடுத்தோம். கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்த வேகத்தை நான் மோட்டர்வேயில மட்டும்தான் கண்டனான். இனிக் கொஞ்சம் பிரேக் பிடிக்கவேணும்!"

ஏன் இப்படி என்று எல்லோரும் ஒரு காரணம் தேடினார்கள். பெரிய விபத்தொன்றில் சொந்தக்காரர் யாரையோ இழந்திருப்பார் என்றார் ஒருவர். தண்டப்பணம் கட்டிக் களைத்திருப்பார் என்றார் இன்னொருவர். ஒரு நாள் நான் நேராகவே கேட்டேன். "எனக்கோ? விபத்தோ? நான் இந்த நாட்டில ஒரு புறாவைக்கூடத் தட்டேல்லை" என்று சொல்லிவிட்டு, என் கையில் மீன் அடைத்த மாலுபணிஸ் ஒரு தட்டைத் திணித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அவரோடு போன பயணங்களில் என்னால் மறக்க முடியாதது என் மனைவிக்கு வலி கண்ட நாள். நல்ல மத்தியான நேரம். எங்கள் கார் பழுதாகிக் கராஜில் கிடந்தது. ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் அன்ரி கடைக்குத் தொலைபேசி எடுத்து, அடுப்பை அணைத்து, துவாய்களும் தலையணையும் தூக்கிக்கொண்டு வானடியில் நின்றார். வானும் புறப்பட்டது. அவ்வளவுதான், அந்த வேகம் அதோடு சரி.

"இருபது" என்றார் அன்ரி.

அங்கிள் கடையில் நின்றதால் பதில் சொல்ல ஆளில்லை. நான்தான் சொன்னேன், வேறு மாதிரி. "அன்ரி, இண்டைக்கு மட்டும் கொஞ்சம் கெதியாப் போங்கோ."

"இருபது, தம்பி."

"அவளுக்கு ஏலாமல் கிடக்கு!"

பின்னாசனத்திலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவள் அப்படிக் கத்தியதில்லை. "நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருங்கோ! ஒவ்வொரு மேட்டிலயும் நான்தானே தூக்கிப்போடப்படுறன். அன்ரி, நீங்கள் இப்பிடியே ஓட்டுங்கோ."

அந்த வீதியில் வேகத்தடுப்பு மேடுகள் வரிசையாக இருந்தன. அன்ரி ஒவ்வொன்றிலும் வானை ஒரு முட்டையைத் தூக்கி வைப்பதுபோல ஏற்றி இறக்கினார். "மூச்சை விடு பிள்ளை. இருபதில போற வான்ல ஒரு பிள்ளையும் பிறக்காது. நான் பொறுப்பு" என்றார். மகள் அடுத்த நாள் காலைதான் பிறந்தாள். இன்றைக்கும் என் மனைவி, தன் வாழ்க்கையில் நடந்த நல்ல பயணங்களில் அதுவும் ஒன்று என்று சொல்கிறாள். என்னை உட்கார வைத்துக்கொண்டே சொல்கிறாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் பகுதியில் பொலிஸ்காரரோடு சேர்ந்து குடியிருப்பாளர்களும் வீதியோரம் நின்று வேகம் பார்க்கும் திட்டம் ஒன்று வந்தது. கையில் வேகம் அளக்கும் கருவியைத் தருவார்கள். எல்லைக்கு மேல் வேகமாகப் போகிறவர்களின் வாகன இலக்கத்தைப் பொலிஸ்காரர் குறித்துக்கொள்வார். பிறகு வீட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் போகும். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் அன்ரி. சேலைக்கு மேல் மஞ்சள் நிற மினுங்கல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கலியாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிறவர் மாதிரிச் சந்தோஷமாகக் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெதுவாகப் போகிறவர்களுக்குக் கையசைத்து நன்றியும் சொன்னார்.

அந்த வேளை ஒரு வெள்ளிநிறக் கார் வேகமாக வந்தது. தமிழ்ப் பூசை வைக்கிற சுவாமியின் கார். ஒரு தேவாலயத்தில் பூசை முடித்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டிருந்தார். அன்ரி கருவியைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பிறகு இலக்கத்தை எழுத்தெழுத்தாகச் சத்தமாக வாசித்தார்.

"உங்களுக்குத் தெரிந்தவரா?" என்று பக்கத்தில் நின்ற பொலிஸ் பெண் கேட்டாள்.

"ஓம். என்ர பாவங்களை மன்னிக்கிறவர்" என்றார் அன்ரி. "எழுதும்."

ஊருக்கு இது தெரிய வந்தது சுவாமியின் வாயால்தான். கடிதம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் அதைத் தானே எடுத்துச் சொல்லி, "இனிப் பாவசங்கீர்த்தனத்துக்கு இவ வரேக்க நான்தான் முழங்காலில நிக்கவேணும்" என்றாராம். பூசை முடிந்ததும் அன்ரி அவருக்கு ஒரு பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வெள்ளிநிறக் கார் எங்கள் தெருவால் போகும்போது நடந்து போகிறவர்களே அதை முந்தலாம்.

இந்த மனுஷியோடுதான் என் தம்பியின் கலியாணத்துக்கு நாங்கள் சுவிற்சர்லாந்துக்குத் தரைவழியாகப் போனோம்.

வேறு வழியிருக்கவில்லை. அம்மாவுக்குக் காதில் ஒப்பரேஷன் செய்திருந்ததால் விமானத்தில் ஏறக்கூடாது என்றிருந்தார்கள். என் லைசென்ஸ் ஒட்டோமற்றிக் காருக்கு மட்டும்; எங்கள் சின்னக் காரில் இவ்வளவு பேரும் சாமானும் கொள்ளாது, அன்ரியின் வானோ கியர் மாற்றி ஓட்டுவது. மாப்பிள்ளையான தம்பியோ வேகமாக ஓட்டி ஓட்டித் தண்டப் புள்ளிகள் சேர்ந்து, லைசென்ஸ் பறிபோய் நின்றான். என் மனைவி குழந்தையோடு விமானத்தில் முன்னரே போய்விட்டாள். கூறைச் சேலை, தாலி, பலகாரம், அம்மா, தம்பி, நான் எல்லோரும் அன்ரியின் வானில். முன்னால் அங்கிள்.

பெண் வீடு மலைகளுக்கு அந்தப் பக்கம், இத்தாலிக்குக் கிட்டிய ஒரு சிறு பட்டினத்தில். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அங்கே நகரசபையில் கலியாண எழுத்து, அதாவது சட்டப்படி பதிவு. சனிக்கிழமை காலை மண்டபத்தில் தாலி கட்டு. அந்த நாட்டுச் சட்டப்படி எழுத்து முடியாமல் ஐயர் தாலி கட்டுவிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை தவறினால் அலுவலகம் இனித் திங்கள்தான் திறக்கும். ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். பெண்ணின் தகப்பன் தம்பியின் கைத்தொலைபேசிக்கு ஓயாமல் அழைத்துக்கொண்டே இருந்தார்.

சுவிஸ் எல்லையில் நெடுஞ்சாலைக்கான ஸ்டிக்கரை வாங்கி, கோணாமல் ஒட்டி, பகலிலும் முன்விளக்கைப் போட்டுவிட்டு, அன்ரி பின்னால் திரும்பித் தம்பியைப் பார்த்தார். "ரோட்டில வேகம் பிடிக்கிற கமரா எங்க இருக்கெண்டு சொல்ற ஆப் உன்ர ஃபோனில இருக்கோ?"

"ஓம் அன்ரி. உங்களுக்கு உதவியா இருக்கும்."

"அழி. இந்த நாட்டில அது குற்றம்."

"நீங்கள்தான் வேகமா ஓட்டுறேல்லையே, இருந்தா என்ன?"

"அப்ப எங்களுக்கு அது என்னத்துக்கு?"

தம்பி அழித்தான்.

மலையடிவாரம் வரை நல்ல நேரத்தில் வந்துவிட்டோம். அங்கேதான் இடி விழுந்தது. மலையைக் குடைந்து போகும் சுரங்கப்பாதைக்குள் ஒரு லொறி பழுதாகி நின்றதால் பாதை மூடப்பட்டிருந்தது. வாகனங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. திறக்கும் நேரம் யாருக்கும் தெரியவில்லை. அங்கிள் வரைபடத்தை விரித்தார். மலைக்கு மேலால் ஒரு பழைய பாதை போயிற்று.

"மேலால போவம்" என்றார் அன்ரி.

அந்தப் பாதையில் நான் பயத்தையும் அழகையும் ஒன்றாகப் பார்த்தேன். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் முழங்கால் உயரக் கல் வரிசை, அதற்கப்பால் வெறும் காற்று. கோடையிலும் சரிவுகளில் அங்கங்கே பனி ஒட்டியிருந்தது. எங்கோ கீழே மாடுகளின் மணிச்சத்தம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். அன்ரி, "எண்பது" என்றார். அங்கிள், "ஓம்" என்றார். வான் முப்பத்தைந்தில் ஏறியது.

"அன்ரி, இஞ்ச கிலோமீற்றர்" என்றான் தம்பி. "எண்பது எண்டாலும் எங்கட கணக்கில ஐம்பது மைல்தான்."

"தெரியும். எண்பது வரைக்கும் போகலாம் எண்டுதான் போட்டிருக்கு. போகச் சொல்லிப் போடேல்லை."

உச்சிக்குக் கிட்டே ஒரு திருப்பத்தில், மோட்டார் சைக்கிளோடு நின்ற இளம் பொலிஸ்காரன் ஒருவன் கையை நீட்டி எங்களை ஓரமாக வரச் சொன்னான்.

நாங்கள் எல்லோரும் உறைந்துபோனோம். அன்ரியின் முகம் மட்டும் விளக்கு ஏற்றியதுபோல மலர்ந்தது. "மறிச்சிட்டான்!" என்றார். "இவ்வளவு வருசத்தில ஒருத்தன்கூட என்னை மறிக்கேல்லை, கண்டியளோ!" கண்ணாடியில் பார்த்துத் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டார்.

எங்கள் வான் இங்கிலாந்து வான், ஸ்ரியரிங் வலப்பக்கம். பொலிஸ்காரன் அந்த நாட்டு வழக்கப்படி இடப்பக்க யன்னலுக்கு வந்து, பாதித் தூக்கத்தில் இருந்த அங்கிளுக்கு மரியாதையாக வணக்கம் சொன்னான். "ஐயா, ஏன் இவ்வளவு மெதுவாக ஓட்டுகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

அங்கிள் கண்ணைத் திறந்தார். "நான் கலியாணம் கட்டின நாளிலயிருந்து ஒண்டையும் ஓட்டேல்லை, தம்பி. அந்தப் பக்கம் போய்க் கேளும்" என்று அழகான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

பொலிஸ்காரன் சுற்றி வந்தான். அன்ரியோடு அவன் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான்.

"வாகனத்தில் ஏதும் பழுதா?"

"இல்லை."

"உங்களுக்குச் சுகமில்லையா?"

"நல்ல சுகம். ஏன் மறித்தீர்கள்? பலகையில் எண்பது என்றிருக்கிறது. நான் முப்பத்தைந்தில் வந்தேன். முப்பத்தைந்து எண்பதைவிடக் கூடவா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் பின்பக்கத்தைக் காட்டினான். நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் மூன்று வளைவுகளுக்குக் கார்கள், மோட்டார் சைக்கிள்கள், படுக்கை வசதியுள்ள பெரிய வான்கள் எல்லாம் ஊர்வலம்போல நின்றன. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு மஞ்சள் பஸ்.

"மெதுவாகப் போவது குற்றமில்லை" என்றான். "ஆனால் மலைப்பாதையில் மெதுவாகப் போகிறவர், ஒதுங்க இடம் வரும்போது ஒதுங்கி, பின்னால் வருகிறவர்களைப் போகவிடவேண்டும். அது இங்கே சட்டம்."

"எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார் அன்ரி.

அவன் தன் தொலைபேசியில் தேடி எடுத்து, ஜேர்மன் மொழியில் இருந்ததை வரிவரியாக ஆங்கிலத்தில் சொன்னான். அன்ரி முடியும்வரை கேட்டார். முகம் சுருங்கிப்போயிற்று. எங்கள் பக்கம் திரும்பினார்.

"நான் பிழை விட்டிட்டன்" என்றார். "எழுதித்தான் இருக்கு."

அடுத்து நடந்ததை நானாகக் கற்பனை செய்திருக்க மாட்டேன். அன்ரி வானிலிருந்து குதித்து இறங்கி, பின்கதவைத் திறந்து, பயற்றம் பணியாரம் இருந்த பெரிய தகர டின்னைத் தூக்கினார்.

"ஐயோ, அது சம்மந்தி வீட்டுக்கு!" என்று அம்மா அலறினார்.

"சம்மந்தி வீட்டுக்கு இன்னும் ரெண்டு டின் கிடக்கு அக்கா. இந்தச் சனம் எனக்குப் பின்னால எவ்வளவு நேரம் காஞ்சு வந்திருக்கு!"

வீதியோரம் நின்று, மெல்ல நகர்ந்து வந்த ஒவ்வொரு வாகனத்தின் யன்னலுக்குள்ளும், "மன்னிக்கவேணும், என்னில பிழை" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பணியாரத்தை நீட்டினார். முதல் காரில் இருந்தவர் கோபத்தில் சிவந்துபோயிருந்தார். பணியாரத்தைக் கையில் வாங்கி அதை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்தார். கடித்தார். இன்னொன்றுக்குக் கை நீட்டினார். மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவைத்துச் சாப்பிட்டார்கள். கடைசியில் வந்த மஞ்சள் பஸ்ஸின் சாரதி, டின்னின் அடியில் கிடந்ததெல்லாவற்றையும் பயணிகளுக்கு வாங்கிக்கொண்டு, அந்த மலை பஸ்களுக்கென்றே உள்ள மூன்று சுர ஹோர்னை அன்ரிக்காக நீட்டி ஊதினான். அது மலைக்கு மலை பட்டுத் திரும்பி வந்தது. பொலிஸ்காரன் வாய் நிறையப் பணியாரத்தோடு கைதட்டினான்.

சிரித்துக்கொண்டிருந்தபோதே தம்பி மணியைப் பார்த்தான். நாலு மணிக்கு அதிக நேரமில்லை. பொலிஸ்காரனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். எழுத்து, திங்கட்கிழமை, மண்டபம், எல்லாம். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "நானும் அந்தப் பக்கம்தான் இறங்கவேண்டும். எனக்குப் பின்னால் வாருங்கள். எங்கே ஒதுங்குவதென்று கை காட்டுகிறேன்."

அப்படியாக எங்கள் வானுக்கு முன்னால் ஒரு பொலிஸ் மோட்டார் சைக்கிள் போக, மாப்பிள்ளை ஊர்வலம் மலையிறங்கியது. அன்ரியும் கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டினார். நாற்பத்தைந்து, ஐம்பதுகூடப் போயிற்று. எண்பதுக்கு அது கீழேதானே.

கீழே ஒரு சின்னக் கிராமம் வந்தது. ஒடுங்கிய தெரு, கல் வீடுகள், யன்னல்களில் சிவப்புப் பூக்கள். தெருத் தொடக்கத்தில் ஒரு பலகை.

"முப்பது" என்றார் அன்ரி.

"ஓம்" என்றார் அங்கிள்.

வான் முப்பதுக்கு இறங்கியது. பொலிஸ்காரன் இறங்கவில்லை. எங்கள் அவசரத்தை மனதில் வைத்தோ என்னவோ, வந்த வேகத்திலேயே கிராமத்துக்குள் போனான். எங்களுக்கும் அவனுக்கும் இடையில் தூரம் கூடியது.

அன்ரி ஹோர்னை அடித்தார். நீளமாக அடித்தார்.

"அன்ரி, என்ன செய்யிறியள்?" என்றான் தம்பி.

அன்ரி வெளிச்சத்தை இரண்டு தரம் அடித்தார். பொலிஸ்காரன் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். அன்ரி யன்னலுக்கு வெளியே கையை நீட்டி, அடுத்து வந்த வேகப் பலகையைச் சுட்டிக்காட்டினார். பிறகு அந்தக் கையைக் கீழே, கீழே என்று அமர்த்திக் காட்டினார்.

"அன்ரி, அது பொலிஸ்!"

"பொலிஸ் எண்டா?"

மோட்டார் சைக்கிளின் பின்விளக்குச் சிவப்பாக எரிந்தது. வேகம் குறைந்தது. அவன் ஒரு கையை உயர்த்தி ஹெல்மெட்டைத் தொட்டு, தலையைக் குனிந்தான். கிராமம் முடியும்வரை முப்பதில்தான் போனான். நாங்களும் அவனுக்குப் பின்னால் முப்பதில் போனோம். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள்.

கிராமத்துக்கு வெளியே, ஒதுங்க இருந்த முதல் இடத்தில் அன்ரி வானை ஒதுக்கி நிறுத்தினார். ஸ்ரியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

"என்ன பிள்ளை, என்ன செய்யுது?" என்றார் அம்மா.

அன்ரி நிமிர்ந்தார். வானுக்குள் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

"அக்கா, உங்களுக்குச் சென்றியடியால நடந்த காலம் ஞாபகம் இருக்குத்தானே? மன்னாரில நாங்கள் பஸ்ஸால இறங்கி, ஆமிக்காரங்கள் துவக்கோட நிக்கிற இடத்தால நடந்து போய் ஏறவேணும். எவ்வளவு வேகமா நடக்கிறதெண்டு எங்கையும் எழுதியில்லை. கொஞ்சம் கெதியா நடந்தா, ஏன் ஓடுறாய் எண்டுவான். மெதுவா நடந்தா, என்னத்தை ஒளிக்கிறாய் எண்டுவான். நேற்றுச் சரியா இருந்த நடை இண்டைக்குப் பிழை. சென்றியில நிக்கிற ஆள் மாற, வேகமும் மாறும். எனக்கு அப்ப குமர் வயசு. காலை எப்பிடித் தூக்கி வைக்கிறதெண்டே மறந்துபோயிருந்தன்."

அம்மா அவர் தோளில் கையை வைத்தார். "நான் கையை வீசி நடக்கிறதோ, வீசாமல் நடக்கிறதோ எண்டு யோசிச்சிருக்கிறன்" என்றார் பிறகு.

"அதுதான் அக்கா! லண்டனுக்கு வந்து முதல் தரம் அந்தச் சிவப்பு வட்டத்தைக் கண்டன். உள்ளுக்கு ஒரு இலக்கம். இதென்ன எண்டு இவரைக் கேட்டன். இதுதான் வேகம், இதுக்குள்ள போனா ஒருத்தரும் உன்னை ஒண்டும் கேக்கேலாது எண்டார். எழுதி வச்சிருக்கிறாங்கள், அக்கா! நடுத் தெருவில, எல்லாருக்கும் தெரியிற மாதிரி! எனக்கு அண்டைக்கு வந்த சந்தோசம் இண்டைக்கும் ஒவ்வொரு போர்டுக்கும் வருது. ஆனா ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. இது எங்களுக்கு மட்டும்தானோ, இல்லாட்டி அவங்களுக்குமோ எண்டு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "யூனிஃபோர்மோட போனவன். நான் கை காட்டினன். பிரேக் பிடிச்சானே!"

அங்கிள் முழுதாக விழித்திருந்தார். மனைவியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ஓம்" என்றார்.

நாங்கள் வரவில்லை என்று பொலிஸ்காரன் திரும்பி வந்தான். யன்னலடியில் நின்று, ஏதும் பிரச்சினையா என்று கேட்டான். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "நான் நாற்பதுக்கு மேல் போய்விட்டேன். நீங்கள் சொன்னது சரி" என்றான். அன்ரி இறங்கிப்போய் இரண்டாவது டின்னை எடுத்துவந்து அப்படியே அவன் கையில் கொடுத்தார். இந்தத் தடவை அம்மா வாயைத் திறக்கவில்லை.

நகரசபைக்குப் போனபோது நாலு மணி தாண்டிவிட்டது. பெண், சேலை கசங்க வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பதிவு செய்யும் பெண் அதிகாரி, வீட்டுக்குப் போகக் கைப்பையோடு வந்தவர், மணப்பெண் படியை விட்டு எழும்பாததால் அவளுக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்திருந்தார். தம்பி ஓடினான். எழுத்து முடிந்தது. வெளியே வந்ததும் பெண்ணின் தகப்பன், இவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த கோபத்தை அன்ரியிடம் காட்டினார்.

"ஏன் இவ்வளவு பிந்தினனீங்கள்?"

"என்ன செய்யிறது அண்ணை?" என்றார் அன்ரி. "வாற வழியில ஒரு பொலிஸ்காரன் வேகமாப் போனவன். அவனைத் திருத்திப்போட்டு வர நேரமாகிப்போச்சு."

அவர் அதை நம்பவேயில்லை. அடுத்த நாள் மண்டபத்தில் அன்ரி அந்தக் கதையை மேசை மேசையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல மலை உயர்ந்தது, பொலிஸ்காரன் வளர்ந்தான், மோட்டார் சைக்கிளின் வேகம் நூறைத் தாண்டியது. தாலி கட்டு முடிந்து பாட்டுப் போட்டதும் முதலில் ஆட எழும்பியவரும் அவர்தான்.

இப்போது அன்ரியும் அங்கிளும் மெல்பேர்னில், மகளோடு. பக்கத்து வீட்டில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். நல்லவர்கள், ஆனால் மெதுவாகச் சிரிக்கிறவர்கள். அன்ரியை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்தத் திரும்பும் பயணம்தான்.

ஞாயிற்றுக்கிழமை லண்டனுக்குத் திரும்பினோம். சுரங்கப்பாதை திறந்துவிட்டது, அதால் போகலாம் என்று நான் சொன்னேன். அன்ரி கேட்கவில்லை. "மேலாலயே போவம்" என்றார். நல்ல வெயில். எங்களுக்கு எந்த அவசரமும் இல்லை. கண்ணாடியில் ஏதாவது ஒரு வாகனம் தெரிந்தாலே போதும், அன்ரி ஒதுங்க இடம் பார்த்து ஒதுங்கி, கையை வெளியே நீட்டி, வாருங்கள் வாருங்கள் என்று போக்குவரத்துப் பொலிஸ்காரர் மாதிரி அழைத்துப் போகவிட்டார். போகிறவர்கள் நன்றியாகக் கையசைத்தார்கள். அவரும் அசைத்தார். இப்படி நின்று நின்று ஏறியதில் உச்சிக்கு வரவே பாதி நாள் போயிற்று.

கடைசி வளைவில் கண்ணாடியைப் பார்த்தவர் மறுபடி ஒதுங்கினார். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வாகனம் எதுவும் இல்லை. நரைத்த தாடிக்காரர் ஒருவர் சைக்கிளில், உடம்பெல்லாம் வியர்வை வழிய, மிதிக்கு மிதி முக்கி முனகி ஏறிவந்துகொண்டிருந்தார். அவர் எங்களை எட்டும்வரை காத்திருந்தோம். அங்கிள் ஒரு சிறு தூக்கமே போட்டு எழும்பிவிட்டார். ஒருவழியாக அந்த மனிதர் எங்கள் வானைத் தாண்டினார். பேச மூச்சில்லாமல் ஒரு விரலை மட்டும் உயர்த்தி நன்றி சொன்னார்.

அன்ரி யன்னலால் தலையை நீட்டி, அந்த மலை முழுக்கக் கேட்கும்படி தமிழில் கத்தினார்.

"அவசரமில்லை, ஆறுதலாப் போங்கோ, அண்ணை!"